மரப்பீப்பாயில் புளித்த கறுப்புப் பியர்: திருகோணமலைச் சூட்டில் சுவை பார்க்கும் முறை

மரப்பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருடம் கிடந்து புளித்த கறுப்புப் பியரை முதன்முறை வாயில் வைப்பவர் பெரும்பாலும் சொல்வது "இது பழுதாப் போச்சு" என்பதுதான். இந்தப் பியரில் புளிப்பு இருக்கத்தான் வேண்டும். எந்தப் புளிப்பு, எவ்வளவு, அதற்கு அடியில் வறுத்த தானியமும் மரமும் நிற்கின்றனவா என்பதே கேள்வி. திருகோணமலையில் அதற்குச் சரியான விடை கிடைக்காமல் செய்வது சூடு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே 32, 33 பாகை நிற்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் நல்ல பீப்பாய்ப் பியரும் வினாகிரிப் போத்தலைத் திறந்ததுபோல மணக்கும். ஆகவே இந்தப் பதிவில் பாதி வெப்பநிலையைப் பற்றியது. மீதி, நம்மூர்க் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே ஒப்புப் பார்க்கும் கிளாஸ்கள் செய்வது பற்றியது.

எந்தப் பியர்

இந்த வகையின் தாய்வீடு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ். ரூசெலாரே நகரில் 1821இல் தொடங்கிய ரோடன்பாக் பியர்ச்சாலையின் கிராண்ட் குரூ என்ற பியரில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடம் ஓக் தொட்டியில் கிடந்தது, ஒரு பங்கு இளம் பியர். மதுசாரம் 6 வீதம். விக்டே ஊரின் டுஷெஸ் டி பூர்கோன் என்ற பியர் 6.2 வீதம், அதைவிட இனிப்பு. இரண்டும் செம்பழுப்பு நிறம். உண்மையான கறுப்பு வேண்டுமென்றால் வறுத்த மோல்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) போட்டுப் பின் பீப்பாயில் புளிக்கவிட்ட ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர்களைத் தேடவேண்டும். அமெரிக்காவின் சிறிய பியர்ச்சாலைகள் சில அவற்றைச் செய்கின்றன.

கறுப்பும் புளிப்பும் இலகுவில் ஒத்துப்போகாதவை. வறுத்த உமியின் கசப்பையும் கரகரப்பையும் அமிலம் இன்னும் தூக்கிக் காட்டும். அதனால் கைதேர்ந்தவர்கள் உமி நீக்கி வறுத்த மோல்ட்டை எடுப்பார்கள், ஹொப் என்ற கசப்புப் பூவைக் குறைப்பார்கள். ஹொப் கூடினால் லக்ரோபசிலஸ் பற்றீரியா வளராது என்பது அதற்கு இன்னொரு காரணம். சுவை பார்க்கும்போது முதலில் எடைபோட வேண்டியதும் இந்தப் பொருத்தத்தைத்தான்.

பீப்பாய்க்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: சாதாரண மதுவம் முதலில் பெரும்பாலான சீனியை மதுசாரமாக்கும். பிறகு மாதக்கணக்கில் லக்ரோபசிலஸும் பெடியோகொக்கஸ் என்ற இன்னொரு பற்றீரியாவும் லக்றிக் அமிலம் சுரக்கும். பெடியோகொக்கஸ் இடையில் வெண்ணெய் மணத்தையும் சிலவேளை நூல்போல இழுபடும் வழுவழுப்பையும் விட்டுவைக்கும். அவற்றைப் பிரெட்டனோமைசிஸ் என்ற மதுவம் மெல்லத் தின்று துடைக்கும். இந்த மதுவத்துக்குப் பெயர் வைத்தவர் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்து நீல்ஸ் கிளவுசன், 1904இல், ஆங்கிலேயரின் பழைய மரத்தொட்டிப் பியர்களை ஆராய்ந்தபோது. மரத்தினூடாகக் கசியும் ஒட்சிசன் அசற்றோபக்டர் என்ற பற்றீரியாவுக்குத் தீனி. அது மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்கும், அதாவது வினாகிரி. 225 லீற்றர்ப் பீப்பாயில் ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு மிக அதிகம், ஆயிரக்கணக்கான லீற்றர் பிடிக்கும் பெருந்தொட்டியில் குறைவு. சிறிய பீப்பாய்ப் பியரில் வினாகிரிக் குத்தல் அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுவே.

நம்மூருக்கும் இந்த மரவேலை புதிதல்ல. இலங்கையில் தென்னஞ்சாராயத்தை முதிர வைக்கும் பெரிய தொட்டிகள் சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலை மரத்தில் செய்யப்படுபவை. அந்த மரத்துக்கு வெளிநாட்டு வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர். முதிர்ந்த சாராயம் 10 மி.லீ. எடுத்து 20 மி.லீ. தண்ணீர் விட்டு மணந்து பார்த்துவிட்டு ஓக் பீப்பாய்ப் பியரை மணந்தால் ஒரு வித்தியாசம் பிடிபடும். ஓக்கிலிருந்து வரும் லாக்டோன் என்ற பொருள் இளம் தேங்காய்ச் சாயலைத் தரும், அமெரிக்க ஓக்கில் அது தூக்கல். சாவண்டலையில் அந்தச் சாயலைத் தேடவேண்டாம்.

கொண்டுவருவதும் வைப்பதும்

இத்தகைய பியர் இங்கே கடையில் கிடைக்காது. கொழும்பிலிருந்தோ விமான நிலையத் தீர்வையற்ற கடையிலிருந்தோதான் வரும். பகல் பஸ்ஸில் பையில் வைத்துக் கொண்டுவருவது மோசம். பியரின் கனவளவைப்போல 2.5 மடங்கு காபனீரொட்சைட்டு கரைந்துள்ள போத்தலில் 5 பாகையில் மேலதிக அமுக்கம் 1 பாருக்கும் சற்றுக் குறைவு. 31 பாகையில் அது 2.3 பாரைத் தாண்டும். உயிருள்ள பிரெட்டனோமைசிஸ் உள்ளே இருந்தால் சூட்டில் அது மிச்சமுள்ள சீனியையும் தின்று வாயுவைக் கூட்டும். போத்தல் வெடிப்பது அரிது. ஆனால் திறந்தவுடன் பாதி நுரையாக மேசையில் ஓடும். மீன் அனுப்பும் ரெஜிபோம் பெட்டியில் இரண்டு ஐஸ் போத்தலோடு வைத்து, இரவு ரயிலில் கொண்டுவருவது நல்லது. பெட்டி புதிதாக இருக்கவேண்டும். ஒருமுறை மீன் போன பெட்டியின் வாடை தக்கைக்கும் லேபலுக்கும் ஏறிவிடும்.

வீட்டில் அலுமாரிக்குள் வைத்து "இன்னும் முதிரட்டும்" என்று விடவேண்டாம். முதிரவேண்டிய காலத்தை அது பீப்பாயிலேயே, மிதமான குளிரில் முடித்துவிட்டது. வெப்பநிலை 10 பாகை கூடினால் ஒட்சியேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டால், 12 பாகை நிலவறையில் ஒரு வருடம் தாங்கும் பியர் நம்மூர் அலுமாரியில் மூன்று நான்கு மாதத்திலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். நனைந்த கடதாசி வாசமும் சோயா சோஸ் சுவையும் வந்தால் பழி பியர்ச்சாலைக்கல்ல, அலுமாரிக்கு. பிரிட்ஜில் நிமிர்த்தி வைக்கவேண்டும். குடிக்க முன்னர் மூன்று நாளாவது அசையாமல் நின்றால் அடிமண்டி இறுகிப் படியும். கதவுத் தட்டில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மண்டி கலங்கும்.

ஒப்புக் கிளாஸ்கள்

நாக்குக்கு முன்கூட்டியே பாடம் எடுக்காமல் இந்தப் பியரைத் திறப்பது காசை வீணாக்குவது. அடிப்படைக்கு லயன் ஸ்டவுட் போதும். அது 8.8 வீதம் என்பதால் 200 மி.லீ. ஸ்டவுட்டுக்கு 100 மி.லீ. இனிப்பில்லாத சோடா கலந்தால் 5.9 வீதத்துக்கு வரும், வறுவலும் அளவாகும். ஒரு கிளாஸுக்கு 100 மி.லீ. வீதம் ஐந்து கிளாஸ் வேண்டும், எனவே 340 மி.லீ. ஸ்டவுட்டும் 170 மி.லீ. சோடாவும் எடுக்கவேண்டும். சிறிய அளவுகளுக்குப் பாமசியில் வாங்கிய 1 மி.லீ., 5 மி.லீ. சிரிஞ்ச் ஊசியில்லாமல் போதுமானது.

முதல் கிளாஸ் வெறும் அடிப்படை. அதில் ஒன்றும் சேர்க்கவேண்டாம்.

இரண்டாவது லக்றிக். உணவுக்குரிய 88 வீத லக்றிக் அமிலம் கிடைத்தால் 0.4 மி.லீ. விடவும், லீற்றருக்கு ஏறக்குறைய 4 கிராம் அளவு வரும். கிடைக்காவிட்டால் கிண்ணியா எருமைத்தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடியும் தெளிநீர் 30 மி.லீ., அடிப்படை 70 மி.லீ. கலக்கலாம். தயிர் முதல்நாளையதைவிட இரண்டாம் நாளையதாக இருப்பது நல்லது, புளிப்பு ஏறியிருக்கும். இந்தக் கிளாஸை மணந்து பாருங்கள். அமிலக் கிளாஸில் புளிப்பு மணம் இல்லை என்றே சொல்லலாம். லக்றிக் அமிலம் ஆவியாகாது. வாயில் வைத்தால் மட்டும் நாக்கின் நடுவிலும் ஓரங்களிலும் உருண்டையாகப் புளிக்கும்.

மூன்றாவது அசற்றிக். தென்னங்கள்ளு வினாகிரி 2.5 மி.லீ. விடவும். 4 வீதம் அமிலமுள்ள வினாகிரியென்றால் லீற்றருக்கு 1 கிராம் சேரும். லேபலில் செயற்கை வினாகிரி என்று இருந்தால் வாங்கவேண்டாம், அது தண்ணீர் கலந்த அமிலம் மட்டுமே, கள்ளின் வாசம் அதில் இருக்காது. இந்தக் கிளாஸ் மூக்கிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும், விழுங்கும்போது தொண்டையைப் பிடிக்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் மாறி மாறி மணந்து குடித்துப் பார்ப்பதுதான் இந்த முழுப் பயிற்சியின் நெஞ்சு. மூக்கில் வரும் புளிப்பு அசற்றிக், மூக்குக்கு எட்டாமல் நாக்கில் மட்டும் வரும் புளிப்பு லக்றிக். சந்தேகமென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், பொத்தியபோதும் குறையாமல் நிற்பது பெரும்பாலும் லக்றிக்.

நான்காவதில் துவர்ப்பு. ஒரு தேக்கரண்டித் தேயிலையை 100 மி.லீ. கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஆறிய பின் அதில் 10 மி.லீ. சேர்க்கவும். மரத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் தரும் வறட்சி இப்படித்தான் ஈறிலும் கன்ன உட்புறத்திலும் நிற்கும். பலர் இதைப் புளிப்பென்றோ வறுவல் கசப்பென்றோ குழப்பிக்கொள்வார்கள். புளிப்பு வாயில் உமிழ்நீரை ஊறவைக்கும், துவர்ப்பு அதை உலர்த்தும், வறுவல் கசப்பு அடிநாக்கில் தங்கும்.

ஐந்தாவது கலவை: லக்றிக் அமிலம் 0.3 மி.லீ., வினாகிரி 2.5 மி.லீ., கித்துள் பாணி 2 மி.லீ. ஃபிளாண்டர்ஸ் பியரின் எலும்புக்கூட்டை இது ஓரளவு காட்டும். பாணியை இன்னும் 3 மி.லீ. கூட்டினால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) அசையாது, ஆனால் புளிப்பு பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும். டுஷெஸ் போன்ற இனிப்பு வகைகள் அமிலத்தை மறைப்பது இப்படித்தான்.

பழகவேண்டிய இன்னொரு மணம் நகப்பூச்சு அழிப்பானில் இருக்கிறது. அது மணந்து பார்க்க மட்டும், எந்தக் கிளாஸிலும் விடக்கூடாது. எதைல் அசற்றேற்று என்று லேபலில் இருப்பதைத் தேடி, ஒரு துளியைப் பஞ்சில் விட்டு மூடிய யாம் போத்தலில் வைத்துத் தூரத்தில் மணந்தால் போதும். அசற்றிக் அமிலமும் மதுசாரமும் சேர்ந்து உருவாவது அது. பியரில் மெல்லிதாக இருந்தால் அதிகம் பழுத்த அன்னாசிபோல, கூடினால் பெயின்ற் கடைபோல மணக்கும். அசற்றோன் மட்டும் உள்ள அழிப்பான் இதற்கு உதவாது.

கிளாஸும் சூடும்

மெல்லிய வைன் கிளாஸ், வாய் ஒடுங்கியது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் கடைசி அலசலைப் போத்தல் தண்ணீரில் செய்யவும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு காய்ந்து கிளாஸில் படலமாக நிற்கும், நுரையைக் கெடுக்கும். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடவும்.

குளிரூட்டிய கிளாஸ் வேண்டாம். 150 கிராம் கிளாஸ் 31 பாகையில் இருக்க, அதில் 6 பாகைப் பியரை 100 மி.லீ. ஊற்றினால், இரண்டும் சமநிலைக்கு வரும்போது கணக்குப்படி 12 பாகைக்குக் கிட்ட நிற்கும். இந்தப் பியருக்கு வேண்டிய வெப்பநிலையும் அதுதான். வெறும் 50 மி.லீ. ஊற்றினால் அதே கிளாஸ் அதை 15 பாகைக்குத் தூக்கிவிடும். "கொஞ்சமா ஊத்துங்கோ, ருசி பாத்திட்டு எடுப்பம்" என்பது குளிர்நாட்டில் நல்ல யோசனை, இங்கே சரிவராது. ஒரு சமையல் வெப்பமானியை இரண்டாவது கிளாஸில் போட்டு வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை. போத்தல் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் நிற்கட்டும். வெறும் ஐஸ்கட்டி போத்தலை ஒழுங்காகத் தொடாது.

வாடைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் காரணமாகக் கிளாஸின் வெளிப்புறம் வியர்த்து வழியும். அதைத் துடைக்காமல் தெளிவைப் பற்றி எழுதவேண்டாம்.

மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் மணம் கலைந்துவிடும். சமையலறையில் கருவாடு பொரியும் நேரம், சாம்பிராணி பிடிக்கும் வெள்ளிப் பின்னேரம் இரண்டும் இதற்கு ஆகாத நேரம். காலை பத்து, பதினொரு மணிக்கு, உறைப்பு உண்ணாத வாயில் பார்ப்பது சிறந்தது. இடையிடையே அறை வெப்பத் தண்ணீரும் வெறும் பாண் துண்டும் போதும்.

திறப்பதும் ஊற்றுவதும்

தக்கையும் கம்பியும் உள்ள போத்தலை வாளியிலிருந்து எடுத்தவுடன், அகன்ற பாத்திரத்துக்கு மேலே பிடித்து, தக்கையைத் திருகாமல் போத்தலைத் திருகித் திறக்கவும். சத்தம் சன்னமாக வரவேண்டும். நுரை பொங்கினால் உடனே கிளாஸில் சரித்து ஊற்றிவிடவேண்டும். மீண்டும் நிமிர்த்தினால் அடிமண்டி முழுவதும் மேலே வரும். சாதாரணமாகத் திறந்த 750 மி.லீ. போத்தலில் கடைசி 40 மி.லீ.யை விட்டுவிட்டு மீதியை ஒரே ஓட்டமாகப் பகிரவும். ஆறு ஏழு பேருக்கு அது காணும். நாட்டின் சட்டப்படி எல்லோரும் 21 வயதைக் கடந்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

நுரை மண்ணிறமாக எழுந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் விழுந்தால் கவலைவேண்டாம். அமிலம் கூடிய பியர்களில் நுரை நிலைப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுப்பின் ஓரத்தில் மாதுளைச் சிவப்புத் தெரியலாம்.

மூன்று வெப்பநிலையில் மூன்று வாசிப்பு

முதல் வாசிப்பு 8 பாகைக்குக் கிட்ட. இதற்கு மட்டும் ஒரு கிளாஸைக் குளிர்நீரில் நனைத்துவிட்டு ஊற்றவும். இங்கே வாயுவின் குத்தலும் வறுவலும் முன்னுக்கு நிற்கும். கோப்பி, கருகிய சிரட்டை வாசம் வந்து உடனே புளிப்பு வெட்டினால் அந்த இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பியரில் வறுவலுக்கும் புளிப்புக்கும் நடுவே பழம் வந்து உட்காரும்: காய்ந்த முந்திரிகை, பேரீச்சை, விளாம்பழம். அந்த நடு இல்லாமல் கசப்பும் புளிப்பும் ஒன்றன்மேல் ஒன்று இடித்தால் அது தானியத் தேர்விலேயே நடந்த பிசகு, எந்த வெப்பநிலையிலும் சீராகாது.

இரண்டாவது வாசிப்பு 12 முதல் 14 பாகை. தீர்ப்பு எழுதவேண்டியது இங்கேதான். முதலில் கிளாஸைச் சுழற்றாமல் இரண்டு குட்டை மூச்சு, பிறகு சுழற்றி ஒன்று. ஐந்து ஒப்புக் கிளாஸையும் பக்கத்தில் வைத்து மூக்குப் புளிப்பை மூன்றாவதோடு ஒப்பிடவும். பியரின் வினாகிரி மணம் அந்தக் கிளாஸைவிடத் தூக்கலென்றால் பீப்பாய் காற்றை அதிகம் குடித்திருக்கிறது. பிரெட்டனோமைசிஸ் தரும் தோல், மாட்டுக்கொட்டில், கராம்பு வாசங்களும் இங்கே வரும். கராம்பு அளவோடு நல்லது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாசம் முழுக் கிளாஸையும் பிடித்தால் நல்லதல்ல. ஒரு மிடறு 15 மி.லீ. எடுத்து வாயில் ஐந்து விநாடி உருட்டி விழுங்கவும்.

விழுங்கிய பின் அரை நிமிடம் பேசாமல் இருப்பது முக்கியம். எலிவாடை என்று இத்தொழிலில் சொல்லும் குறை அப்போதுதான் தெரியும். அதற்குக் காரணமான சேர்மங்கள் குறைந்த பிஎச்சில் ஆவியாகாமல் அடங்கிக் கிடந்து, உமிழ்நீர் அமிலத்தைத் தணித்தவுடன் மேலே வரும். அவற்றில் ஒன்று ரம்பை இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் மணம் கொடுக்கும் அதே பொருள். எனவே நம் மூக்கு இதை முதலில் குறையென்று சொல்லாது, ஏதோ பிஸ்கட், சோறு என்று நினைக்கும். உறுதிப்படுத்த 20 மி.லீ. பியரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, நுரை அடங்கியபின் மணந்து பார்க்கவும். வாடை சட்டென்று எழுந்தால் அதுதான். இந்தக் குறை சிலவேளை போத்தலிலேயே மாதங்கள் போக மறையும். அதே வகையில் இன்னொரு போத்தல் இருந்தால் பிரிட்ஜில் காத்திருக்கலாம்.

மூன்றாவது வாசிப்புக்கு ஒன்றும் செய்யவேண்டாம். கிளாஸை மேசையில் விட்டால் அது தானாக 20 பாகையைக் கடக்கும். எதைல் அசற்றேற்று, வெண்ணெய் வாசம், மதுசாரச் சூடு எல்லாம் இப்போது மறைவின்றி நிற்கும். குறை கண்டுபிடிக்க இது நல்ல இடம், புள்ளி போட ஆகாத இடம். 20 பாகையில் சற்றே எட்டிப்பார்க்கும் அன்னாசி வாசத்துக்காக ஒரு நல்ல பியரைத் தள்ளிவிடுவது அநியாயம்.

அளந்து பார்க்க விரும்புவோருக்கு

பிஎச் மீற்றர் இருந்தால் 4.01, 7.00 கரைசல்களில் ஒப்புவைத்து, வாயு நீக்கிய மாதிரியை அளக்கவும். இரண்டு கிளாஸுக்கிடையே இருபது தடவை மாற்றி ஊற்றினால் வாயு போய்விடும். சாதாரணப் பியர் 4.2, 4.4 அளவில் நிற்கும், இந்த வகை 3.2 முதல் 3.6 வரை. ஆனால் நாக்கு உணரும் புளிப்பைப் பிஎச்சைவிட மொத்த அமில அளவே நெருக்கமாகச் சொல்லும். 10 மி.லீ. மாதிரிக்கு 0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டை மெல்ல விட்டு பிஎச் 8.2 வரும்வரை எத்தனை மி.லீ. போனதென்று பார்க்கவும். அந்த எண்ணை 0.9 ஆல் பெருக்கினால் லக்றிக் அமிலமாகக் கணித்த கிராம், லீற்றருக்கு. 7 மி.லீ. போனால் 6.3 கிராம். பாடசாலையில் பழகிய பினோத்தலின் இங்கே உதவாது, கறுப்புக்குள் இளஞ்சிவப்புத் தெரியாது. மீற்றர் இல்லாதவர் மாதிரியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து மடங்கு ஐதாக்கினால் ஓரளவு பார்க்கலாம்.

சாப்பாடும் மிச்சமும்

வாயுவும் அமிலமும் மிளகாய் எரிவைத் தூண்டும். ஆகவே உறைப்பான நண்டுக்கறியோடு இது சண்டை பிடிக்கும். கொழுப்புள்ள மாட்டிறைச்சியை மிளகும் வெங்காயமும் போட்டுப் பிரட்டினால் நன்றாகச் சேரும். பெல்ஜியர்களும் தங்கள் மாட்டிறைச்சியை இதே வகைப் பியரில்தான் வேகவைக்கிறார்கள். எருமைத்தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்ட வாயோடு குடித்தால் பியர் தட்டையாகிவிடும்.

திறந்த போத்தல் பிரிட்ஜில் இறுக மூடியிருந்தாலும் அடுத்த நாள் வரைதான். அதற்குமேல் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டாம். வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் மூன்று பங்கு பியருக்கு ஒரு பங்கு உயிருள்ள தென்னங்கள்ளு வினாகிரி சேர்த்து, மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்கவும். வினாகிரி காய்ச்சிப் போத்தலிட்டதாக இருந்தால் வேலை செய்யாது, மேலே வழுக்கைப் படலம் மிதக்கும் வீட்டு வினாகிரியே வேண்டும். 6 வீத மதுசாரம் முழுதும் மாறினால் லீற்றருக்கு 60 கிராமளவு அமிலம் வரும், நடைமுறையில் அதற்குக் குறைவு. இங்கே மட்டும் 30 பாகைச் சூடு நமக்குச் சாதகம், நாலைந்து கிழமையில் மதுசார வாசம் அடங்கிவிடும். துணி இறுக்கமாக இல்லாவிட்டால் பழ ஈ உள்ளே போய்ப் புழு வைக்கும், எனவே இரண்டு மடிப்பாகக் கட்டவும். அந்த வாசம் அடங்கினதும் வடித்து நிறைய நிறைய ஊற்றி மூடவேண்டும், இடைவெளியில் காற்று நின்றால் அதே பற்றீரியா அமிலத்தையும் தின்னத் தொடங்கும். கணவாய்ப் பிரட்டலுக்கு இறக்கும் நேரத்தில் இதில் ஒரு தேக்கரண்டி விடலாம்.